மறுப்பும் உறுதியும்: பத்தொன்பதாம் நூற்றாண்டு யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவ ஊழியம் பற்றிய ஒரு நோக்கு

1816ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்திலே அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணக் குடாநாட்டில் தமது பணியைத் தொடங்கியபொழுது, தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் அவர்களுக்குக் கிடைத்தவை பாழடைந்த பழைய தேவாலயங்களும் அவற்றை அடுத்திருந்த மனைகளுமே. போர்த்துக்கேயர் காலத்துத் தொடக்கத்தையும் ஒல்லாந்தர் காலத்துப் பயன்பாட்டையும் கொண்ட கட்டடங்கள் அவை. யாழ்ப்பாணம் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் கைக்கு மாறியது 1795இல் ஆகும். இடைப்பட்ட இருபத்தோராண்டுக் காலத்துக்குள் அச்சுவர்களினுள்ளே தொழுதுவந்த சபை எங்கே போயிற்று என்னும் வினாவிலிருந்து நாம் தொடங்குதல் பொருத்தமாகும்.

ஒல்லாந்தர் காலத்திலே திருமுழுக்குப் பெறுதல் என்பது பெரும்பாலும் ஒரு குடியியல் நடைமுறையாகவே இருந்தது. திருமணத்தைப் பதிவு செய்தற்கும், பிறந்த பிள்ளையின் பெயரைத் தோம்பிலே ஏற்றுதற்கும், முதலியார், உடையார் முதலான பதவிகளைப் பெறுதற்கும் அது வாயிலாக அமைந்தது. 1658 முதல் 1665 வரை யாழ்ப்பாணத்திலே பணியாற்றிய பால்தேயுஸ் பாதிரியாரின் நூல், கோயிற்பற்று ஒவ்வொன்றிலும் பள்ளிக்கூடத்தோடு கூடிய தேவாலயம் இருந்தமையையும், அவற்றிலே பெயர் பதிந்தோர் தொகை பெரிதாயிருந்தமையையும் காட்டும். ஆயின் அப்பெயர்களுக்குரியோர் வீட்டிலே திருநீறு அணிந்தனர், விரதம் நோற்றனர். ஆங்கிலேயர் அக்கட்டாயத்தை நீக்கியதும் பெயர்கள் உதிர்ந்தன, கூரைகள் விழுந்தன. ஆகவே அமெரிக்கர் சந்தித்த யாழ்ப்பாணத்தார் கிறிஸ்தவத்தை முதன்முதலாகக் கேள்வியுற்றவர் அல்லர். அதற்கு வாயால் இணங்கி மனத்தால் மறுக்கும் கலையை ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளாகப் பயின்றவர்கள் அவர்கள். இவ்வுண்மையை மனங்கொள்ளாது பத்தொன்பதாம் நூற்றாண்டின் மறுப்பை நோக்கின், அதனை வெறும் பிடிவாதமாகவோ வெறும் சுதேச வீரமாகவோ கண்டு மயங்க நேரும்.

கட்டாயத்தின் கீழ் வந்த கிறிஸ்தவம் இவ்வாறு கலைந்ததாயின், தடையின் கீழ் வாழ்ந்த கிறிஸ்தவம் நிலைத்தது என்பதும் இங்குக் குறிப்பிடற்பாலது. கத்தோலிக்கக் குருமாரை ஒல்லாந்தர் தடைசெய்திருந்த வேளையிலே, கோவாவைச் சேர்ந்த யோசப் வாஸ் அடிகளார் 1687இல் கூலியாளின் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். சில்லாலை மக்கள் அவரை மறைத்து வைத்துக் காத்தனர். பின்னர் அவர் கண்டிக்குச் சென்று 1692இல் ஒற்றனென ஐயுறப்பட்டுச் சிறைவைக்கப்பட்டதும், 1711இல் அங்கேயே இறந்ததும் யாவரும் அறிந்தவை. 2015ஆம் ஆண்டில் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார். கிறிஸ்தவனைக் கிறிஸ்தவன் வேட்டையாடிய அக்காலத்திலே, பதவியும் காணியும் தராத ஒரு சமயத்தைச் சில்லாலையார் விடாது பற்றியிருந்தனர். அரசாங்கச் சலுகைக்கும் சமய உறுதிக்கும் இடையிலான உறவு நேர்விகிதமானதன்று என்பதற்கு இதைக்காட்டிலும் தெளிவான சான்று எமது வரலாற்றிலே கிடைத்தல் அரிது.

இனி அமெரிக்கரிடம் வருவோம். அவர்கள் எதிர்கொண்ட முதல் மறுப்பு தமிழரிடமிருந்து வந்ததன்று. ஆங்கிலேய வணிகக் கம்பெனியிடமிருந்து வந்தது. 1812இல் கல்கத்தாவிலே இறங்கிய அமெரிக்க மிஷனரிமாரைக் கிழக்கிந்தியக் கம்பெனி தங்கவிடவில்லை. அவர்களுள் ஒருவரான சாமுவேல் நியுவெல் மொறீசியசுக்குச் சென்றார். அங்கே அவருடைய மனைவி ஹரியற் தமது பத்தொன்பதாவது வயதில் இறந்தார். தனியராக இலங்கை வந்த நியுவெல் 1813இல் யாழ்ப்பாணத்தைப் பார்வையிட்டு, இதுவே தம்மவர்க்கு ஏற்ற களமெனத் தாய்ச்சபைக்கு எழுதினார். கம்பெனியின் ஆணைக்குட்படாது முடிக்குரிய குடியேற்றமாக இலங்கை இருந்தமையும், தேசாதிபதி பிறவுன்றிக்கின் ஆதரவும் அவர்களுக்கு வழி திறந்தன. டானியல் பூர், எட்வேர்ட் வாறன், ஜேம்ஸ் றிச்சர்ட்ஸ், பென்ஜமின் மெய்க்ஸ் ஆகியோர் இவ்வாறே வந்தனர். வாறன் 1818இல் நோயினால் மடிந்தார், பூரின் முதல் மனைவி 1821இல், றிச்சர்ட்ஸ் 1822இல். 1820இல் அச்சாளராக வந்த ஜேம்ஸ் கறற் என்பவரை உடனே நாட்டைவிட்டு நீங்குமாறு கொழும்பு அரசாங்கம் பணித்தது. அமெரிக்க மிஷனரிமார் எவரும் புதிதாக வருதல் கூடாதெனவும் அது கட்டளையிட்டது. இத்தடை 1833 வரை நீடித்தது. யாழ்ப்பாணத்திலே கல்லூரி ஒன்றை நிறுவ அவர்கள் கேட்ட அனுமதியும் மறுக்கப்படவே, 1823இல் வட்டுக்கோட்டையில் தோன்றியது 'செமினறி' என்னும் பெயரையே தாங்கிற்று. ஏகாதிபத்தியத்தின் முகவர் என்று மிஷனரிமாரை ஒரு சொல்லில் அடக்கிவிடுவோர் இச்செய்திகளையும் ஒருகால் நோக்குதல் நன்று. புதிய ஊழியர் வர இயலாமற்போன அப்பதின்மூன்றாண்டுகளும் சுதேசிகளைப் பயிற்றவேண்டிய தேவையை அவர்களுக்கு வலியுறுத்தின என்பது எமது கருத்து. அரசாங்கத்தின் தடையும் செமினறியின் வளர்ச்சிக்கு ஒரு காரணமாயிற்று.

மக்களின் மறுப்போ வேறு வகையினது. கல்லெறியும் தீவைப்பும் அதன் இயல்பல்ல. மக்கள் வரவேற்றார்கள், கேட்டார்கள், பிள்ளைகளை அனுப்பினார்கள், ஆனால் சேரவில்லை. விடுதிப் பள்ளிக்கூடங்களின் சமையற் பிரச்சினை இதனை நன்கு விளக்கும். மிஷன் வளவுக்குள் சமைத்த உணவைத் தம் பிள்ளைகள் உண்ணுதல் ஆகாதென வேளாளப் பெற்றோர் தடுத்தனர். ஈற்றிலே, மிஷன் நிலத்துக்கு அப்பால், சைவர் ஒருவரின் காணியிலே சமையற்கூடம் அமைக்க மிஷனரிமார் உடன்பட வேண்டியதாயிற்று. பாடம் இப்பால், சோறு அப்பால். அவ்வேலியைக் கடந்து நாள்தோறும் போய்வந்த மாணவனே அக்காலத்து யாழ்ப்பாணச் சமூகத்தின் மெய்யான உருவம் என்று நாம் கருதுகிறோம். அறிவு தேவைப்பட்டது, அது உத்தியோகம் தந்தது. சோறோ சாதியையும் சாதி காணியையும் கல்யாணத்தையும் காத்தது. அச்சமூகத்தின் உறவுமுறையும் சீதனமும் சொத்துரிமையும் தேசவழமையாற் பிணிக்கப்பட்டிருந்தன. அங்கே ஒருவன் சமயம் மாறுவது அவனுடைய மனச்சாட்சியின் செயலாக மட்டும் நின்றுவிடாது. பங்காளிகள் அனைவரின் கணக்கையும் அது குழப்பும்.

மிஷனும் இக்கணக்கை அறிந்து தானும் ஒரு கணக்குப் போட்டது. 1824இல் தோன்றிய உடுவில் பெண்கள் விடுதிப் பள்ளியிலே பயின்று கிறிஸ்தவரை மணந்த பெண்களுக்கு மிஷனே சீதனம் வழங்கிற்று. அமெரிக்காவிலிருந்து பணம் அனுப்பிய உபகாரிகளின் பெயர்கள் மாணவருக்குச் சூட்டப்பட்டன. இதனாலேயே சிறுப்பிட்டியிலும் மானிப்பாயிலும் பிறந்த பிள்ளைகள் வைமன், ஆர்னல்ட், கறல், நெவின்ஸ் எனப் பெயர் பெற்றனர். இவற்றை ஊழியத்தின் தந்திரமென்று மிஷனரிமார் கருதியிருக்க மாட்டார்கள், கருணையென்றே கருதியிருப்பர். எனினும், சலுகை கொடுத்துச் சேர்த்த ஒல்லாந்தரின் சுவர்களுக்குள் இருந்துகொண்டே அவர்களும் சலுகையைக் கையாண்டனர் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. தம் செய்தி மறுக்கப்பட்டபொழுது அதனைச் சுவையூட்டிப் பரிமாறும் ஆசை அவர்களையும் விடவில்லை. 1825 சனவரியிலே சண்டிலிப்பாயில் ஒரே நாளில் நாற்பத்தொருவர் சபையிற் சேர்க்கப்பட்டனர். அந்நிகழ்ச்சி பொஸ்ரனுக்கு எழுதப்பட்ட கடிதங்களிலே பெருமகிழ்ச்சியோடு பேசப்படுவது. அத்தகைய நாள்கள் பின்னர் மிகுதியாக வந்தில.

செய்தி தன் உண்மையினாலேயே வெல்லும் என்ற நம்பிக்கைக்கு நேர்ந்த சோதனையாக 1829 மார்ச் மாதத்துச் சந்திரகிரகணத்தைக் கூறலாம். அராலி விசுவநாத சாத்திரியார் பஞ்சாங்கம் கணிப்பதிலே புகழ் பெற்றவர். அவர் கணித்த கிரகண நேரத்துக்கும் அளவுக்கும் மாறாகப் பூர் பாதிரியார் ஐரோப்பிய முறையிற் கணித்து, இரண்டையும் முன்கூட்டியே வெளிப்படுத்தினார். அன்றிரவு வானத்தைப் பார்த்தவர்கள் பூரின் கணக்கே சரியெனக் கண்டனர். பஞ்சாங்கத்தின் பிழை வெளிப்பட்டால் அதனோடு சேர்ந்த சமயமும் தளரும் என்பது மிஷனரிமாரின் எதிர்பார்ப்பு. நடந்தது வேறு. செமினறியின் வான சாத்திரப் பாடத்துக்கு மதிப்பு உயர்ந்தது. கோயிலுக்குப் போவோர் கோயிலுக்கே போயினர். வானத்துக் கணக்கு வேறு, வழிபாடு வேறு என்று பிரித்தறிய யாழ்ப்பாணத்தாருக்கு ஒருவரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. பூரின் கணிதம் கிறிஸ்தவத்துக்கு ஆள் சேர்க்கவில்லை. இப்பகுதியின் விஞ்ஞானக் கல்விக்கு வித்திட்டது.

மறுத்தோரின் குரலை நாம் பெரும்பாலும் மறுக்கப்பட்டோரின் எழுத்துக்களிலிருந்தே கேட்கிறோம் என்ற குறை உண்டு. பொஸ்ரனிலிருந்து வெளிவந்த 'மிஷனரி ஹெரால்ட்' சஞ்சிகையின் கடிதங்கள் பணம் உதவுவோரை முன்னிறுத்தி எழுதப்பட்டவை. அவற்றில் வரும் சைவர் பெரும்பாலும் பெயரற்றவர். ஆயினும் மறுப்பு ஊமையாக இருக்கவில்லை. முத்துக்குமார கவிராயர் 'ஞானக்கும்மி', 'இயேசுமத பரிகாரம்' முதலியவற்றைப் பாடினார். 1841இல் மிஷன் வெளியிட்ட 'உதயதாரகை' சைவர்களின் கடிதங்களுக்கும் இடமளித்தது. தம்மை மறுப்பதற்குத் தமது தாளையே திறந்துவிட்ட செயல் அது. 1842இல் வண்ணார்பண்ணையிலே சைவப் பெருமக்கள் கூடித் தமக்கெனப் பாடசாலையும் அச்சுக்கூடமும் வேண்டுமெனத் தீர்மானித்த செய்தியையும் அப்பத்திரிகையே எமக்குத் தருகின்றது.

அத்தீர்மானத்தை நிறைவேற்றியவர் ஆறுமுகநாவலர். வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த பீற்றர் பேர்சிவலிடம் பயின்று, அவருக்கு உதவியாக விவிலிய மொழிபெயர்ப்பிலே பல்லாண்டு உழைத்த நாவலர், 1847 டிசம்பர் 31ஆம் திகதி வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே தமது முதற் பிரசங்கத்தை நிகழ்த்தினார். பிரசங்கம், பாடசாலை, அச்சகம், துண்டுப் பிரசுரம் என அவர் கையிலெடுத்த கருவிகள் யாவும் மிஷனரிமாரிடம் கண்டறிந்தவை. 1854இல் வெளிவந்த 'சைவ தூஷண பரிகாரம்' விவிலியத்தைத் தூக்கியெறியவில்லை. அதனைத் திறந்து வைத்துக்கொண்டு, எருசலேம் ஆலயத்தின் தூபமும் தீபமும் பலியும் எவ்வாறு ஏற்புடையனவாயின, சைவக் கிரியைகள் எவ்வாறு குற்றமாயின என்று கேட்கிறது. மிஷனரிமார் இதுவரை பெற்ற மறுப்புகள் அறியாதாரின் மறுப்பாகவோ அலட்சியராயினாரின் மறுப்பாகவோ இருந்தன. இதுவோ முழுதும் கற்றவரின் மறுப்பு. தம் நூலை இத்துணை ஆழமாக வாசித்த ஒருவர் அதனை ஏற்காமற்போனதே பேர்சிவலுக்குப் பெருந்துயரமாக இருந்திருத்தல் கூடும். ஈண்டு இன்னொரு முரணும் உண்டு. நாவலரின் உழைப்போடு 1850இல் வெளிவந்த அவ்விவிலிய மொழிபெயர்ப்பைத் தமிழ்நாட்டுக் கிறிஸ்தவர் பலர் ஏற்கவில்லை. அவர்கள் பழைய மொழிபெயர்ப்பின் ஓசைக்குப் பழகியிருந்தனர். யாழ்ப்பாணத்துச் சைவர் நூலின் பொருளை மறுத்தனர். தமிழகத்துக் கிறிஸ்தவர் அதன் நடையை மறுத்தனர்.

1855ஆம் ஆண்டு மிஷன் வரலாற்றிலே கொடிய ஆண்டு. அதன் தொடக்கத்திலே டானியல் பூர் மானிப்பாயில் வாந்திபேதியால் இறந்தார். அதே ஆண்டிலே தாய்ச்சபையின் செயலாளர் றூபஸ் அண்டர்சன் நேரில் வந்து ஆராய்ந்தார். வட்டுக்கோட்டைச் செமினறி மூடப்பட்டது. எமர்சன் ரெனன்ற் போன்ற ஆங்கிலேய அதிகாரிகளே ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களோடு ஒப்பிட்டுப் போற்றிய நிறுவனம் அது. அண்டர்சனின் நியாயத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆங்கிலம் கற்றவர் ஊழியத்துக்கு வராமல் அரசாங்க உத்தியோகத்துக்குப் போகின்றனர். கிராமங்களிலோ தாய்மொழியில் உபதேசிப்பார் இல்லை. சுதேசச் சபைகள் தம்மைத் தாமே தாங்கவேண்டும் என்பன அவர் வாதங்கள். சுதேசிகளின் திறமையில் அவர் வைத்த நம்பிக்கை அக்காலத்துக்கு அரியது. ஆயின் அந்நம்பிக்கையை அவர் சுதேசிகளைக் கேட்டு நடைமுறைப்படுத்தவில்லை. யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவர்கள் அம்மூடுதலை ஒரு கைவிடுதலாகவே உணர்ந்தனர். பின்னர் அவர்களின் இடைவிடாத முயற்சியின் பேறாகவே 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி அதே வட்டுக்கோட்டையிலே தோன்றியது.

இவ்விடத்தில் நாம் சிறிது நின்று நோக்க வேண்டும். உறுதி என்னும் சொல்லை மிஷன் வரலாறுகள் அந்நியப் பாதிரிமாருக்கே பெரிதும் வழங்கிவந்துள்ளன. அவர்களின் உறுதியை நாம் குறைத்துரைக்கவில்லை. ஐம்பத்துமூன்றாண்டுகள் இங்கே உழைத்து 1873இல் மறைந்த லீவை ஸ்போல்டிங்கை எவ்வாறு குறைத்துரைப்பது? மனைவியையும் மதலையையும் இம்மண்ணிலே புதைத்துவிட்டு மறுநாள் உபதேசிக்கப் போனவர்கள் அவர்கள். ஆனால் அவர்களுக்குப் பின்னே ஒரு தாய்ச்சபை இருந்தது. தோல்வியையும் தியாகமென வாசிக்கும் வாசகர் இருந்தனர். சுதேசக் கிறிஸ்தவனுக்கு இவை இல்லை. அவனை ஒருபுறம் சொந்தக்காரர் விலக்கினர். மறுபுறம் மிஷனோ அவன் மெய்யாக மனந்திரும்பினானா, சம்பளத்துக்கு மனந்திரும்பினானா என்று என்றும் ஐயுற்றது. சாவீட்டிலும் கல்யாண வீட்டிலும் அவன் நிற்கவேண்டிய இடம் எது என்பதை ஒவ்வொரு முறையும் புதிதாகத் தீர்மானிக்க வேண்டியிருந்தது. சாதியை விட்டுவிட அவன் கேட்கப்பட்டான். அவன் சேர்ந்த சபையிலும் வேளாளரே மேலோங்கி நின்றனர். சாதியொழிப்பைப் பொறுத்தவரை சைவ மறுமலர்ச்சியைப் போலவே மிஷனும் சொல்லிய அளவுக்குச் செய்யவில்லை என்பதை முற்போக்காளர் எவரும் கண்டுகொள்வர். ஒடுக்கப்பட்டோரின் மறுப்பையும் ஏற்பையும் பற்றிய சான்றுகள் தனியே தேடித் தொகுக்கப்பட வேண்டியவை.

இந்த நெருக்குதலில் விலகியோர் பலர். வைமன் கிங்ஸ்பரி என்ற பெயரோடு செமினறியிலே கற்ற சி. வை. தாமோதரம்பிள்ளை, 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவரானார். மற்றவரும் செமினறி மாணவரான கறல் விசுவநாதபிள்ளையே. இருவரும் பின்னர் சைவத்துக்குத் திரும்பினர். கலித்தொகையை 1887இல் அச்சேற்றிய தாமோதரம்பிள்ளையின் பதிப்பு முறையிலே செமினறியின் பயிற்சி தெரிகின்றதென்று கூறினால் அது மிகையாகாது. அவருடைய மகன் அழகசுந்தரம் கிறிஸ்தவராகிப் பிரான்சிஸ் கிங்ஸ்பரி என்னும் பெயருடன் தமிழ்ப் பணியாற்றினார் என்பதை எண்ணும்பொழுது, ஒரு குடும்பத்தின் மறுப்பும் ஏற்பும் ஒரு தலைமுறையோடு முடிவதில்லை என்பது புலனாகும்.

விலகாது நின்றோருள் இருவரை மட்டும் எடுத்துக்காட்டி அமைவோம். ஒருவர் அந்நியர், சாமுவேல் கிறீன். 1847இல் வைத்தியராக வந்த இவரிடம் நோயாளர் திரண்டனர்; மருந்தை ஏற்றனர்; உபதேசத்தைக் கேட்டுக்கொண்டு வீடு திரும்பினர். கிறீன் மருந்தை நிறுத்தவுமில்லை, உபதேசத்தை விடவுமில்லை. மாறாக அவர் தமிழை நோக்கித் திரும்பினார். 1864 முதல் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, 'இரணவைத்தியம்', 'மனுஷ அங்காதிபாதம்', 'கெமிஸ்தம்' முதலிய நூல்களைத் தாமும் தம் மாணவரும் மொழிபெயர்த்து நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்களை அச்சேற்றச் செய்தார். பயின்று வெளியேறிய மருத்துவர் அறுபதுக்கு மேற்பட்டோர். அவர்கள் ஐரோப்பிய உடைக்கும் நடைக்கும் மாறுவதை அவர் விரும்பவில்லை. தமிழராகவே இருந்து கிறிஸ்தவராக வேண்டுமென்றே அவர் விரும்பினார். 1884இல் அமெரிக்காவிலே அவர் இறந்தபொழுது, தமிழருக்கு மருத்துவ ஊழியர் என்னும் பொருள்பட அவருடைய கல்லறையிலே பொறிக்கப்பட்டது.

மற்றவர் ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை. 1820இல் பிறந்து, செமினறியிலே கற்று, தமக்கிடப்பட்ட அந்நியப் பெயரையும் தம் தமிழ்ப் பெயரையும் ஒருங்கே சுமந்து, இறுதிவரை கிறிஸ்தவராகவே வாழ்ந்தவர். 'உதயதாரகை'யின் ஆசிரியராக 1857 முதல் நெடுங்காலம் இருந்தார். கண்டனப் போர் கடுமையாக நடந்த காலத்திலே அப்பத்திரிகையின் மேசையில் அமர்ந்திருந்தவர் தம் சமயத்தாரின் ஏளனத்தையும் மறுசமயத்தாரின் வசையையும் அறியாதிருந்திருக்க முடியாது. 1886இல் அவர் 'பாவலர் சரித்திர தீபகம்' என்னும் நூலை மானிப்பாயிலே வெளியிட்டார். நானூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ப் புலவரின் வரலாறுகளைத் தொகுத்த அந்நூலிலே சமயவாரியான பகுப்பு இல்லை. அகரவரிசை உண்டு. அவ்வரிசைப்படியே சைவரும் வைணவரும் சமணரும் கிறிஸ்தவரும் அடுத்தடுத்து வருகின்றனர். தம் சமயத்தை வாழ்நாள் முழுதும் எதிர்த்தெழுதிய ஆறுமுகநாவலருக்கும் அதிலே உரிய இடம் கொடுக்கப்பட்டுள்ளது. அவருடைய கல்வியும் வசனநடையும் அங்கே குறைவின்றிப் பேசப்படுகின்றன. நாவலர் மறைந்து அப்பொழுது ஏழாண்டுகள் ஆகியிருந்தன. நூல் அச்சானது மிஷன் தொடக்கிய மானிப்பாய் அச்சுமரபிலே. அதனைப் படித்தவருட் பெரும்பாலோர் சைவர்.